"அப்படித்தான் இருக்கும் சார்" என்றால் விடாதீர்கள்



மழைக்குப் பின் காலையில் பிரேக் கிறீச்சிட்டால் அது டிஸ்க்கின் மேல்துரு. நாலு முறை மிதித்தால் போய்விடும். ஆனால் உங்கள் சின்ன எஸ்யூவியின் பெடல் பஞ்சுபோல் அமுங்குவதும், பிரேக் போடும்போது ஸ்டியரிங் நடுங்குவதும், வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் "அப்படித்தான் இருக்கும்" வகை அல்ல. அப்படிச் சொல்லி அனுப்பும் சர்வீஸ் சென்டர் உங்கள் உயிரோடு விளையாடுகிறது.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறினால் 155-க்கே கொதிக்கலாம். மலையிறக்கத்தில் அது கொதித்தால் பெடல் தரை தட்டும், வண்டி நிற்காது. சன்ரூஃபுக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் நாம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதை மாற்றக் கணக்குப் பார்க்கலாமா?

குறையை ஜாப் கார்டில் எழுத வையுங்கள். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி குறையுள்ள மாடலைத் திரும்பப் பெற அரசு உத்தரவிடலாம். எழுதாத புகார் யார் கணக்கிலும் சேராது.