கத்தி இல்லாமல் முகத்தை இறுக்கும் சிகிச்சை: எதை நம்பி பணம் கட்டுவது?

செஞ்சி-

"ஆபரேஷன் கிடையாது. கத்தி கிடையாது. ஒரே மணி நேரம். 10 வயது குறைந்துவிடும்!"

இப்படி ஒரு விளம்பரம், செஞ்சி காந்தி பஜாரில் ஜவுளி வியாபாரம் செய்யும் ஒரு அக்காவின் செல்போனுக்கு வந்தது. அவருக்கு வயது 46. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். தாடைக்குக் கீழே சதை தொங்குகிறது என்பது அவருடைய கவலை.

"தம்பி, நீ ஊரு சேதியெல்லாம் எழுதுறவன். ஹைஃபூன்னு ஒண்ணு சொல்றாங்க, ஆர்.எப்.னு ஒண்ணு சொல்றாங்க, நூல் போடுறதுன்னும் சொல்றாங்க. எதைப் பண்ணிக்கட்டும்? 40 ஆயிரம் கேக்குறாங்க. 5 ஆயிரம் அட்வான்ஸ் இன்னிக்கே போடணுமாம்" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

திருட்டு, அடிதடி, குடிதண்ணீர் குழாய் உடைப்பு என்று எழுதுகிறவனுக்கு இது புது விஷயம். ஆனால் 40 ஆயிரம் ரூபாய் என்பது சும்மாவா? அது அக்காவின் சீட்டுப் பணம். கடன் வாங்கியும், மாதத் தவணை போட்டும் இதைச் செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் விசாரித்து எழுதுகிறேன்.

நாடாக் கட்டில்

தோல் ஏன் தொங்குகிறது? தோலுக்குள் கொலாஜன் என்ற நார் இருக்கிறது. நாடாக் கட்டிலில் நாடா எப்படியோ, தோலில் அது அப்படி. வயது ஏற ஏற நாடா தளருகிறது. வெயில், பீடி சிகரெட், திடீரென்று உடம்பு இளைப்பது ஆகியவை அதை இன்னும் சீக்கிரம் தளர்த்தும்.

இந்த மெஷின்கள் எல்லாம் செய்வது ஒரே வேலைதான். தோலுக்கு உள்ளே சூடு வைக்கின்றன. நைலான் துணியில் இஸ்திரிப்பெட்டி பட்டால் சுருங்குகிறது அல்லவா? அதுபோல அந்த நார் சூட்டில் சுருங்கும். பிறகு உடம்பு அந்த இடத்தில் புது நார் பின்ன ஆரம்பிக்கும். அது பின்னி முடிக்க 2, 3 மாதம் ஆகும். சிலருக்கு 6 மாதம். "காலையில் வந்தால் சாயங்காலம் இளமை" என்பதெல்லாம் சும்மா. சிகிச்சை முடிந்த அன்று முகம் இறுக்கமாகத் தெரிந்தால், அதில் பாதி வீக்கம்தான்.

வித்தியாசம் எங்கே என்றால், சூடு எவ்வளவு ஆழம் போகிறது என்பதில்தான்.

ஹைஃபூ என்பது அல்ட்ரா சவுண்ட் ஒலி அலை. பூதக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் காகிதத்தில் ஒரு புள்ளியைச் சுட்டு விளையாடியிருப்போம். அதே வேலைதான். மேல் தோலை விட்டுவிட்டு, உள்ளே 4½ மில்லி மீட்டர் ஆழம் வரைகூடப் போய் ஒரு புள்ளியில் 60, 70 டிகிரி சூடு வைக்கும். தாடை, கழுத்து, புருவம் லேசாகத் தொங்கினால் இது. அமெரிக்காவில் புருவத்தைத் தூக்க இந்த வகை மெஷின் ஒன்றுக்கு 2009-ல் அனுமதி கிடைத்தது.

ஆர்.எப். என்பது ரேடியோ அலை. அவ்வளவு ஆழம் போகாது. ஆனால் பரவலாகச் சூடு வைக்கும். மெல்லிய சுருக்கத்துக்கும், சொரசொரப்புக்கும் இது. பெரும்பாலும் பல தடவை போக வேண்டியிருக்கும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இதன் பக்கமே போகக்கூடாது.

ஒன்று சொல்ல வேண்டும். நம்ம ஊர் கருப்பு, மாநிறத் தோலுக்கு இந்த இரண்டும் லேசரைவிடப் பரவாயில்லை. பல லேசர்கள் தோலின் நிறத்தையே பிடித்துக்கொள்ளும். அளவு தவறினால் முகத்தில் கருந்திட்டு விழுந்துவிடும். ஒலி அலைக்கும் ரேடியோ அலைக்கும் கருப்பு சிவப்பு தெரியாது. அதற்காக அவை சுடாது என்று அர்த்தமில்லை. சூடு தப்பினால் எந்தத் தோலும் வெந்து தழும்பாகும்.

ஆர்.எப். சூட்டை ஊசி முனை வழியாக உள்ளே செலுத்தும் இன்னொரு முறையும் உண்டு. தீக்காயம், தழும்பு, முகத்துக் கொழுப்பு கரைந்து குழி விழுதல், நரம்புச் சேதம் ஆகியவை பற்றிப் புகார்கள் வந்திருப்பதாக அமெரிக்க மருந்துத் துறை 2025 அக்டோபரில் இது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது.

நூல், ஊசி

நூல் சிகிச்சை வேறு கணக்கு. ஆபரேஷனில் தையல் போடும் கரையும் நூலையே தோலுக்கு அடியில் விட்டு இழுக்கிறார்கள். பலன் அன்றைக்கே தெரியும். ஆனால் நூல் 6 மாதம் அளவில் கரைந்துவிடும். சீழ் பிடிக்கலாம், கன்னத்தில் குழி விழலாம், நூல் முனை வெளியே எட்டிப் பார்க்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

போடாக்ஸ் ஊசி தோலை இறுக்குவது இல்லை. தசையைத் தளர்த்தி நெற்றிக் கோட்டை மறைக்கிறது. 3, 4 மாதத்தில் பழையபடி ஆகிவிடும். ஃபில்லர் ஊசி என்பது வற்றிய கன்னத்தை உள்ளே நிரப்பித் தூக்குவது.

இந்த ஃபில்லர் விஷயத்தில்தான் செஞ்சிக்காரர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஊசி மருந்து தவறி ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் அந்த இடத்தில் ரத்தம் நின்றுவிடும். தோல் வெளுக்கும், திட்டுத் திட்டாக நீலம் பாயும், வலி தாங்காது. கண்ணுக்குப் போகும் குழாய் அடைபட்டால் பார்வையே போய்விடும். பெரும்பாலான ஃபில்லரைக் கரைக்க மாற்று ஊசி இருக்கிறது. ஆனால் அதை உடனே போட வேண்டும். கண் விஷயத்தில் நிமிஷக் கணக்கு.

இங்கிருந்து புதுச்சேரி 70 கிலோ மீட்டர். சென்னை 160. காலையில் பஸ் ஏறிப் போய், ஊசி போட்டுக்கொண்டு, கடையைத் திறக்க ராத்திரிக்குள் திரும்பிவிடுவது நம்ம பழக்கம். ராத்திரி 10 மணிக்குக் கன்னம் வெளுத்தால் யாரைக் கூப்பிடுவது? விளம்பரத்தில் இருக்கும் நம்பரில் பேசுகிற பெண், "நாளைக்குக் காலையில் வாங்க" என்பார். அதனால் வெளியூருக்குப் போய் இந்த ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், டாக்டரின் சொந்த நம்பர் கையில் இல்லாமல் பஸ் ஏறக்கூடாது. முடிந்தால் அன்று ராத்திரி அந்த ஊரிலேயே தங்கிவிட வேண்டும்.

சினிமாக்காரர்களுக்கே தகராறு வந்திருக்கிறது. 2021 ஏப்ரலில் நடிகை ரைசா வில்சன், கண்ணுக்குக் கீழே வீங்கிய முகத்துடன் போட்டோ வெளியிட்டார். சாதாரண அழகு சிகிச்சைக்குப் போன தனக்குத் தேவையில்லாததைச் செய்துவிட்டதாகக் குற்றம் சாட்டினார். டாக்டர் தரப்பு மறுத்தது. நஷ்டஈடு கேட்டு நோட்டீசும் பறந்தது. யார் பக்கம் நியாயம் என்று சொல்வது நம்ம வேலை இல்லை. சென்னையிலேயே இருக்கிற நடிகைக்கே இந்த நிலை என்பதைத்தான் சொல்கிறேன்.

யார் கை?

மெஷினைவிட முக்கியம் அதைப் பிடிக்கிற கை. 2016 மே மாதம் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர், அடுத்த சில நாளில் இறந்துபோனார். விசாரித்தால், அந்த இடத்துக்கு இருந்தது முடி திருத்தும் கடைக்கான லைசென்சு! டாக்டருக்குப் படிக்கிற பையனே அதைக் கவனிக்காமல் போயிருக்கிறான் என்றால், நாம் எந்த மூலை?

தமிழ்நாட்டில் மருத்துவ நிலையங்கள் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. அதற்கான விதிகள் 2018-ல் வந்தன. கிளினிக் என்றால் பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும். சுவரில் அது இருக்கிறதா என்று பாருங்கள். டாக்டரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். "நர்சு பண்ணுவாங்க, டாக்டர் பக்கத்துலதான் இருப்பாரு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். என்ன சிகிச்சை, எந்த மெஷின் என்று அதில் எழுதி வாங்குங்கள். பணம் கட்டிப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஆனால் ரசீதே இல்லாதவர் அங்கே போய் என்ன காட்டுவார்?

"முன்பு - பின்பு" போட்டோக்களை நம்பி ஏமாறாதீர்கள். 2025 ஜூலையில் நம்ம கோட்டை யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் எத்தனை பேர் போட்டோ எடுத்தார்கள்! காலை வெயிலில் எடுத்த ராஜகிரியும் உச்சி வெயிலில் எடுத்த ராஜகிரியும் ஒரே மலையாகவா தெரிகிறது? விளக்கைத் திருப்பி, தாடையைக் கொஞ்சம் தூக்கி எடுத்தாலே 5 வயது குறைந்துவிடும்.

இன்னொரு உண்மையும் உண்டு. லேசான தொய்வுக்கு மட்டும்தான் இந்த மெஷின்கள். சதை மடிந்து நன்றாகத் தொங்கிவிட்டால் ஆபரேஷன் ஒன்றுதான் வழி. ஒட்டிய கன்னம் உள்ளவருக்கு ஹைஃபூ வைத்தால், இருக்கிற கொழுப்பும் கரைந்து கூடுதல் வயது தெரியலாம். யாருக்கு எது என்று சொல்ல, மெஷின் விற்காத ஒரு தோல் டாக்டர் வேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும், புதுச்சேரி ஜிப்மரிலும் தோல் பிரிவு இருக்கிறது. அங்கே போய் முகத்தைக் காட்டிவிட்டு வர 40 ஆயிரம் ஆகாது.

ஆஸ்திரேலியாவில் ஓர் ஊரில் 900 பேரை வைத்து நாலரை ஆண்டு சோதனை செய்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. தினமும் வெயில் தடுப்பு கிரீம் பூசியவர்களின் தோலில், இஷ்டப்பட்ட நேரம் மட்டும் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக முதுமை தெரிந்தது. இதற்கு மெஷினும் வேண்டாம், மாதத் தவணையும் வேண்டாம். சித்திரை வெயிலில் பஸ்சுக்கு நிற்கும்போது குடை பிடித்தாலும் நல்லதுதான். நம்ம ஆண்கள்தான் குடை பிடிக்க வெட்கப்படுகிறார்கள்!

இதையெல்லாம் ஜவுளிக்கடை அக்காவிடம் சொன்னேன். தொங்குவது கொஞ்சம்தான் என்றால் ஹைஃபூ பொருந்தலாம், ஆனால் தை மாதக் கல்யாணத்துக்குப் பலன் தெரிய வேண்டுமானால் 3 மாதம் முன்பே செய்தாக வேண்டும் என்றும் சொன்னேன். அவர் உடனே அந்த நம்பருக்குப் போன் போட்டார்.

"டாக்டர் பேரு என்னம்மா? அவரோட ரிஜிஸ்டர் நம்பர் சொல்லு. சர்டிபிகேட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அட்வான்ஸ் போட்டுடுறேன்" என்றார்.

"கேட்டுட்டுக் கூப்பிடறேன் மேடம்" என்று பதில் வந்தது.

4 நாள் ஆகிறது. இன்னும் கூப்பிடவில்லை.