போட்டியின்மை வேறு, ஒருமனம் வேறு

2025 ஜூலை 3 அன்று கொல்கத்தாவின் சயின்ஸ் சிட்டி அரங்கில், மேற்கு வங்க பாஜகவின் புதிய தலைவராகச் சமிக் பட்டாச்சார்யா முறைப்படி அறிவிக்கப்பட்டார். முதல் நாள் வேட்புமனு, மறுநாள் சான்றிதழ். களத்தில் நின்றவர் அவர் ஒருவரே. டெல்லியிலிருந்து வந்திருந்த ரவிசங்கர் பிரசாத் சான்றிதழை அவர் கையில் அளித்தார்.

அந்நாளில் மொழிபெயர்ப்புப் பணியின் பொருட்டு நான் நியூ டவுனில் இருந்தேன். அங்குள்ள ஜோதிபாசு சமூக ஆய்வு மையத்தின் முதற்கட்டக் கட்டிடம் 2025 ஜனவரி 17 அன்று, அவரது நினைவு நாளில், திறந்து வைக்கப்பட்டது. அதற்குரிய நிலத்தைப் பெறுவதற்கே நமது தோழர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. காலை நாளேட்டை வங்கத் தோழர் ஒருவர் உரக்கப் படித்தார். 'பினா பிரதித்வந்த்விதாய்' என்ற தொடர் காதில் விழுந்தது. போட்டியின்றி என்பது பொருள். அதே செய்தியைத் தமிழில் கைப்பேசியில் பார்த்தேன். அதில் 'ஒருமனதாக' என்றிருந்தது.

இவ்விரு சொற்களும் ஒன்றல்ல. பல மனங்கள் கூடிப் பேசி, மாறுபட்டு, கேட்டு, இறுதியில் ஒரு முடிவில் நிற்பது ஒருமனம். எதிர்த்து நிற்க ஒருவரும் முன்வராமை, அல்லது எவரும் முன்வர விடாமை, போட்டியின்மை. முன்னது ஒரு நிகழ்வின் விளைவு. பின்னது நிகழ்வே இல்லாமை. முதலாளித்துவக் கட்சிகளின் தலைமைத் தேர்வு பற்றிய செய்திகளில் இரண்டாவதை முதலாவதாகக் காட்டும் பழக்கம் வேரூன்றிவிட்டது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இக்காட்சி புதிதன்று. 2025 ஏப்ரல் 11 அன்று அமித் ஷா சென்னையில் அதிமுக – பாஜக கூட்டணியை அறிவித்தார். அதே நாளில் பாஜக மாநிலத் தலைவர் பதவிக்கு நயினார் நாகேந்திரன் ஒருவரே மனு அளித்தார். மறுநாள் தலைவராக அறிவிக்கப்பட்டார். பத்தாண்டு உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற விதி, 2017இல் அக்கட்சிக்கு வந்த அவருக்காகத் தளர்த்தப்பட்டது. கூட்டணியும் தலைவரும் ஒரே நாளில் ஒரே கையால் தீர்மானிக்கப்படும்போது, லட்சக்கணக்கான உறுப்பினர்களின் வேலை கைதட்டுவது மட்டுமே. அக்கட்சியின் அகில இந்தியத் தலைவராக இருந்த நட்டாவின் பதவிக்காலம் எப்போதோ முடிந்தும், 2025 ஜூலை வரை அடுத்தவர் பெயர் வெளிவரவில்லை. உறுப்பினர் தேர்ந்தெடுப்பது உண்மையானால், தாமதம் ஏன்?

மற்றவர்கள் மேலானவர்களா? மேற்கு வங்கக் காங்கிரசில் அதிர் ரஞ்சன் சௌத்ரிக்குப் பின் சுபங்கர் சர்க்கார் 2024 செப்டம்பரில் தலைவரானது டெல்லி மேலிடத்தின் நியமன உத்தரவால். திரிணமூல் காங்கிரசில் 2022 பிப்ரவரியில் மம்தா பானர்ஜி போட்டியின்றித் தலைவரானார். அவருடைய சகோதரர் மகனான அபிஷேக் 2021இல் அகில இந்தியப் பொதுச்செயலாளரானார். அடிப்படை உறுப்பினர்களே பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எம்.ஜி.ஆர். விதி வகுத்த அதிமுகவிலோ, பல மாத நீதிமன்ற வழக்குகளுக்குப் பின் 2023 மார்ச் 28 அன்று எடப்பாடி பழனிசாமி போட்டியின்றி அப்பதவிக்கு வந்தார்.

2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், உத்திரமேரூர்க் கல்வெட்டைப் புகழ்ந்து பேசினார். பத்தாம் நூற்றாண்டின் அக்கல்வெட்டு பராந்தக சோழன் காலத்தது. நிலமுடைய பார்ப்பனர் சபைக்கான விதிகளே அவை. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. ஆகவே அதை மக்களாட்சியின் தொட்டில் என்று நாம் கொண்டாட வேண்டியதில்லை. ஆயினும் அக்குறுகிய சபையும்கூட, கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கி வைத்தது. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவனுக்கு மீண்டும் இடம் தரவில்லை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டார்கள் என்றால், ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன என்றே பொருள். ஒரே ஓலையை இட்ட குடத்துக்குக் குடவோலை முறை என்று எவரும் பெயரிடவில்லை.

நமது நடைமுறை வேறு. கிளை மாநாட்டில் தொடங்கி ஒவ்வொரு மட்டத்திலும் அறிக்கை முன்வைக்கப்படுகிறது, பிரதிநிதிகள் விவாதிக்கிறார்கள், பதவி முடியும் குழு ஒரு பட்டியலை முன்மொழிகிறது. எந்தப் பிரதிநிதியும் மாற்றுப் பெயர் முன்மொழியலாம். அவ்வாறு முன்மொழிந்தால் ரகசிய வாக்கெடுப்பு. செயலாளர் மூன்று முழுப் பதவிக்காலங்களுக்கு மேல் நீடிப்பதற்கு 2012 கோழிக்கோடு மாநாடு வரம்பு கட்டியது. இவ்வாறே 2025 ஜனவரியில் விழுப்புரம் மாநாட்டில், வாச்சாத்தி மக்களின் நீதிக்காகப் பல்லாண்டுகள் போராடிய தோழர் பெ. சண்முகம் மாநிலச் செயலாளரானார். பிப்ரவரியில் டான்குனி மாநாட்டில் தோழர் முகமது சலீம் மீண்டும் அப்பொறுப்புக்கு வந்தார்.

ஏப்ரலில் மதுரையில் நடந்த 24ஆவது அகில இந்திய மாநாட்டில் மத்தியக்குழுவுக்கான பட்டியலுக்கு எதிராக மகாராஷ்டிரத் தோழர் டி.எல். காராட் போட்டியிட்டார். வாக்கெடுப்பு நடந்தது. அவர் 31 வாக்குகள் பெற்றுத் தோற்றார். 'பிளவு', 'சலசலப்பு' என்று ஏடுகள் எழுதின. நம் தோழர்கள் சிலரும் அதைப் பேசக் கூசினர். எதற்காகக் கூச வேண்டும்? ஒருவர் நின்றார், பிரதிநிதிகள் வாக்களித்தனர், முடிவை அனைவரும் ஏற்றனர். ஜனநாயக மத்தியத்துவம் என்ற தொடரின் முதற்சொல் உயிரோடிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் பிறர் முதுகைப் பார்த்து மகிழ்வதோடு நின்றுவிடுவது நமக்கு அழகன்று. இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். மாநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கையில், மூலத்தில் 'போட்டியின்றி' என்றிருந்த இடங்களில் 'ஒருமனதாக' என்று நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். சொல் அழகாக இருந்தது; கை தானாக எழுதியது. கிளை கூடாமல், அறிக்கை படிக்கப்படாமல், நான்கு பேர் கையெழுத்தில் முடிந்துவிடும் ஒரு மாநாட்டை அச்சொல் மூடி மறைக்கக்கூடும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இதன் விலையை வங்கம் அறியும். நியூ டவுனின் அடுக்குமாடிகள் நிற்பது ராஜர்ஹாட் உழவர்களின் வயல்களில். இந்நகரை உருவாக்கியது இடது முன்னணி அரசு. பின்னர் சிங்கூரிலும் நந்திகிராமிலும் நிலம் பற்றி நேர்ந்த தவறுகளைக் கட்சியே தன் பரிசீலனையில் ஏற்றுக்கொண்டது. கிராமத்துக் கிளை உறுப்பினனுக்குத் தெரிந்திருந்த அச்சம் மேற்குழுக்களை உரிய காலத்தில் எட்டவில்லை என்பதே என் கருத்து. 34 ஆண்டு ஆட்சி 2011இல் முடிந்தது. 2021இல் சட்டமன்றத்தில் நமக்கு ஓர் இடமும் இல்லை. தலைமையைக் கீழிருந்து தேர்ந்தெடுக்கும் கட்சிக்கு, அந்தக் 'கீழ்' என்பது உயிருள்ளதாக இருக்க வேண்டும்.

2026 தமிழ்நாடும் மேற்கு வங்கமும் தேர்தலைச் சந்திக்கும் ஆண்டு. நம் ஒவ்வொரு கிளையும் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. கடந்த மாநாட்டில் எத்தனை பேர் பேசினோம்? மாற்றுக் கருத்து கூறிய தோழர் அதற்குப் பின்னும் கூட்டத்துக்கு வருகிறாரா? புதிதாகச் சேர்ந்த இளம்பெண் தோழர் ஒரு பெயரை முன்மொழியத் துணிவாரா? இவற்றுக்கு நேர்மையான விடை கிடைத்தால், 'ஒருமனதாக' என்று நாம் தயங்காமல் எழுதலாம். கிடைக்கவில்லையேல், 'போட்டியின்றி' என்றே எழுதுவோம். அச்சொல் நம்மை உறுத்தட்டும்.