கவாத்தும் கோடரியும்

அசோகர் சாலையோரங்களில் மரம் நட்டார் என்று பள்ளியில் படித்தோம். நட்ட மரம் வளர்ந்தபின் அதன் கிளையை யார் கழிப்பது, எவ்வளவு கழிப்பது என்பதை எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. வேலிக்கு வேலி சண்டை மூள்வதும், சாலை மரங்கள் மொட்டையாவதும் இந்த அறியாமையால்தான்.

சட்டம் வாய்மூடி இருக்கவில்லை. மலைப்பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்தப் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அதற்கான குழுவின் முன் அனுமதி வேண்டும். விழும் நிலையிலுள்ள மரத்தால் மக்களுக்கு ஆபத்தென்றால், அதை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உடையவருக்கு நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், மின்கம்பிக்கு இடையூறான மரத்தை உரிய ஆணை பெற்று நீக்க வழி செய்கிறது. ஆனால், கம்பி வருமுன்பே அங்கு நின்ற மரமென்றால் உடையவருக்கு இழப்பீடும் உண்டு என்கிறது. முந்தி நின்ற மரத்துக்கு மதிப்புத் தரும் இந்த நீதி எனக்கு மிகவும் பிடித்தது.

‘என் நிலம், என் மரம், அரசுக்கு இதில் என்ன வேலை?’ என்று கேட்போர் நம் ஊரிலும் உண்டு. சமவெளியில் அக்கேள்விக்கு ஓரளவு பொருள் இருக்கலாம். குரங்கணிச் சரிவில் இல்லை. மேல்தோட்டத்து மரத்தின் வேர்தான் கீழ்த்தோட்டத்து மண்ணையும் பாதையையும் பிடித்து நிற்கிறது. மரம் ஒருவருடையது, அதன் வேர் ஊருடையது.

ஆயினும் வெட்டுவது வேறு, கழிப்பது வேறு. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். நிழல் மிகுந்தாலோ விளைச்சல் குறையும். ஆகவே தென்மேற்குப் பருவமழைக்கு முன் தோட்டத் தொழிலாளர் மரமேறிக் கவாத்து எடுக்கிறார்கள். எந்தக் கிளை போனால் வெயில் அளவாக விழும், எந்தக் கிளை போனால் மரமே ஒரு பக்கம் சாயும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். கீழே சாலையோர வேம்பும் புங்கனுமோ கண்ட இடத்தில் வெட்டப்படுகின்றன. வெட்டிய இடத்தில் வலுவற்ற துளிர்கள் கொத்துக் கொத்தாய்க் கிளம்பி மீண்டும் கம்பியைத் தொடுகின்றன. இதனால் யாருக்கு என்ன லாபம்?

என் கருத்து இதுதான்: மரத்தை வெட்டுவதற்கு விதி கடுமையாகவே இருக்கட்டும். முறையாகக் கிளை கழிப்பதற்கு ஊராட்சியிலேயே எளிய வழி இருக்கட்டும். பொது மரங்களைக் கழிக்கும் வேலையைக் கவாத்து அறிந்த தொழிலாளரிடம், உரிய கூலியும் பாதுகாப்புக் கயிறும் தந்து ஒப்படைக்கட்டும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் கன்று நடும் தோழர்களே! நடுவதோடு நில்லாமல், வளர்ந்ததைக் கழிக்கும் முறையையும் அவர்களிடம் ஒரு நாள் சென்று கற்போம்.