பழைய கணினியும் பழகிய கையும்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்தியது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, ஏறத்தாழ 2017க்கு முந்தைய கணினிகளை ஏற்பதில்லை. கட்சி, சங்க அலுவலகங்களில் உள்ளவை பலவும் அத்தகையவையே. பழுதின்றி இயங்கும் எந்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வாங்கச் சொல்கிறது ஏகபோக மூலதனம்.

இதனினும் கவலைக்குரிய நிகழ்வு அதே ஆண்டு ஜூலையில் நடந்தது. குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அத்தடை இந்தியச் சட்டமன்று. ஆயினும் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்திற்கான சேவைகளை முடக்கியது. தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்ட பின்னரே அவை திரும்பின. ரஷ்ய மூலதனம் பெருமளவில் உள்ள பெருநிறுவனம் அது. அதற்காக நாம் கண்ணீர் வடிக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கே இக்கதியெனில், ஒரு தொழிற்சங்க அலுவலகம் எம்மாத்திரம்?

லினக்ஸுக்கு மாற வேண்டும் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடில்லை. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளிலேயே நடைபெறுவதை மேடைதோறும் பெருமையுடன் சொல்கிறோம். மேடையை விட்டு இறங்கியதும், உரிமமற்ற விண்டோஸ் நகலில் அடுத்த துண்டறிக்கையைத் தட்டச்சு செய்கிறோம். இதை மறைப்பதில் பயனில்லை.

தயங்குவோர் கணினி அறியாதவரல்லர். இருபத்தைந்து ஆண்டுகள் அதிலேயே உழைத்த தோழர்கள். அவர்களது தயக்கத்தைப் பழமைவாதம் என ஒதுக்குவது தவறு. தட்டச்சு விசைமுறையும் தமிழ்99 முறையும் லினக்ஸில் கிடைக்கின்றன. ஓரிரு வாரங்களில் கை பழகிவிடும். உண்மையான தடை பழைய கோப்புகள். தீர்மானங்கள், அறிக்கைகள், மொழிபெயர்ப்புகள் யாவும் பழைய எழுத்துருக்களில், 2001க்குப் பின் புதிய பதிப்பே வராத பேஜ்மேக்கரில் முடங்கிக் கிடக்கின்றன. க்ருதி தேவ் எழுத்துருவில் எழுதி வந்த இந்தித் தோழர்களின் நிலையும் இதுவே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் தமிழாக இராது.

அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் உண்டு. எனினும், பழைய முறையில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன் பதிவாகும். ஒருங்குறியில் பின் பதிவாகும். மாற்றத்தில் எங்கேனும் பிசகினால் சொல்லே சிதையும். தமிழறிந்த ஒருவர் வரிவரியாக மெய்ப்புப் பார்த்தே தீர வேண்டும். இது மாதக்கணக்கில் நீளும் உழைப்பு. நன்றி பெறாத உழைப்பும்கூட.

ஆகவே குழுக்கள் ஒரே நாளில் உத்தரவிட்டு முடிக்கக்கூடிய பணியன்று இது. அலுவலகத்தில் ஒரு கணினியை முதலில் மாற்றுவோம். பழையது ஒன்று, இணைய இணைப்பின்றி, பேஜ்மேக்கருடன் அப்படியே இருக்கட்டும். மூத்த தோழரின் அருகில் இளந்தோழர் ஒருவர் அமரட்டும். முதலில் மாநாட்டு ஆவணங்கள், பின்னர் இதழ்த் தொகுப்புகள் என அவர்களிருவரும் ஒருங்குறிக்கு மாற்றி வரட்டும். அவர்களுக்கு அந்நேரத்தில் வேறு பணி தராதிருப்பது குழுச் செயலாளரின் பொறுப்பு.