டாக்டர் படிப்பா, ஆய்வுக்கூடப் படிப்பா? கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகள் வெளிவந்ததும் ஜார்ஜ்டவுனில் கல்விக் கண்காட்சிகள் களைகட்டி விடுகின்றன. நம்ம பிள்ளைகள் கை நிறைய வண்ணத் தாள்களோடு வீடு திரும்புகிறார்கள். அந்தத் தாள்களில் கண்ணில் படும் பெயர்களில் ஒன்று 'பயோமெடிக்கல் சயின்ஸ் ஹானர்ஸ்'. தமிழில் உயிர்மருத்துவ அறிவியல் என்கிறார்கள். மருத்துவம் என்ற சொல் காதில் விழுந்ததுமே பெற்றவர்களுக்கு நெஞ்சு குளிர்ந்து விடுகிறது. "எம் மவ டாக்டருக்குப் படிக்கப் போறா" என்று லயம் முழுக்கச் செய்தி பரவுகிறது.

தோழர்களே, தாய்மார்களே! இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். இது டாக்டர் படிப்பு அல்ல. டாக்டராக வேண்டுமானால் மருத்துவப் பட்டம் வேறு. அது பொதுவாக ஐந்து ஆண்டுப் படிப்பு. பயோமெடிக்கல் என்பது மூன்று அல்லது நான்கு ஆண்டுப் படிப்பு. இதை முடித்தவர் நோயாளியைப் பார்த்து மருந்து எழுத முடியாது. 'ஹானர்ஸ்' என்பதைக் கண்டும் மயங்க வேண்டாம். நம் நாட்டில் பெரும்பாலான இளங்கலைப் பட்டங்களுக்கு அந்த அடைமொழி உண்டு. மலாயில் 'கெபுஜியான்' என்பார்கள். கடைசி ஆண்டில் மாணவர் தாமே ஓர் ஆய்வு செய்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் இது மட்டமான படிப்பா? இல்லவே இல்லை. அந்தக் காலத்துத் தோட்ட ஆஸ்பத்திரியை நினைத்துப் பாருங்கள். டிரஸ்ஸர் ஐயா ரத்தம் எடுத்துக் குப்பியில் அடைத்து அனுப்புவார். அந்தக் குப்பி எங்கே போனது? அதைப் பார்த்து இது மலேரியா, இது டைபாய்டு என்று சொன்னவர் யார்? அந்த வேலைக்குப் பின்னால் இருக்கும் அறிவியல்தான் இந்தப் படிப்பு. ரத்தம், கிருமி, உடலின் தற்காப்புச் சக்தி, பரம்பரைக் கூறு, புற்றுநோய்த் திசு எல்லாம் இதில் அடக்கம்.

இந்த அறிவியலுக்கும் நம் தோட்டங்களுக்கும் பழைய உறவு உண்டு. 1920-களில் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களை ஒரு கொடிய காய்ச்சல் வாட்டியது. பட்டணத்திலும் அதே போன்ற காய்ச்சல் இருந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய பிளெட்சர், லெஸ்லர் என்ற இருவர் நோயாளிகளின் ரத்த நீரைச் சோதித்தார்கள். பட்டணத்துக் காய்ச்சல் வேறு, தோட்டத்துக் காய்ச்சல் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். தோட்டத்துக் காய்ச்சலைப் பரப்புவது புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சி. 1948-இல் அதே கழகத்தில்தான் குளோராம்பெனிகால் என்ற மருந்து இந்தக் காய்ச்சலைக் குணப்படுத்துவது மெய்ப்பிக்கப்பட்டது. எத்தனை பாட்டாளி உயிர்கள் அதனால் பிழைத்தன!

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1998, 1999-ஆம் ஆண்டுகளில் பேராவிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக் காய்ச்சலில் மடிந்தார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நம்பி மருந்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா காவ் பிங் கண்டறிந்த கிருமி அதுவரை யாரும் அறியாத ஒன்று. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அதற்கு நிப்பா என்று பெயர் வந்தது. இந்நாட்டில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். நோய் இன்னதென்று தெரியாதவரை செய்த வேலையெல்லாம் விழலுக்கு இறைத்த நீராயிற்று. ஆய்வுக்கூடம் உண்மையைச் சொன்ன பிறகுதான் தடுக்க வழி பிறந்தது.

ஆகவே படிப்பு நல்ல படிப்பு. கேள்வி என்னவென்றால், எந்த வாசல் வழியாக உள்ளே போவது?

முதல் வாசல் அரசாங்கப் பல்கலைக்கழகம். 1969-இல் பினாங்கில் தோன்றிய நம்ம யு.எஸ்.எம்.மில் இந்தப் படிப்பு உண்டு. ஆனால் அது மிண்டன் வளாகத்தில் நடப்பதில்லை. கிளந்தான் குபாங் கிரியானிலுள்ள சுகாதார வளாகத்தில் நடக்கிறது. பினாங்குப் பிள்ளை அங்கே போய்த் தங்கித்தான் படிக்க வேண்டும். பொம்பளைப் பிள்ளையைத் தூர அனுப்பத் தயங்கி, பக்கத்திலேயே தனியார் கல்லூரியில் சேர்த்து விடுவோமே என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்தின் விலை பல பத்தாயிரம் வெள்ளி என்பதை மறந்து விடாதீர்கள். அரசாங்கப் பல்கலைக்கழகக் கட்டணம் அதில் ஒரு சிறு பங்குதான்.

அந்த வாசலுக்கு ஆறாம் படிவமும் மெட்ரிகுலேஷனும் இரண்டு படிகள். எஸ்.பி.எம்.மில் 10 'ஏ'யும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இனப் பாகுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. எந்த 'ஏ' கணக்கில் சேரும் என்பதைப் பள்ளியில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பத்து 'ஏ' எல்லாருக்கும் கிடைக்குமா? கிடைக்காது. நம்மில் பலருக்குக் கைகொடுக்கக்கூடியது ஆறாம் படிவம்தான். செலவு குறைவு, படிப்பு கடினம், கிடைக்கும் சான்றிதழுக்கு வெளிநாட்டிலும் மதிப்புண்டு. ஆனால் நான்காம் படிவத்திலேயே உயிரியலும் வேதியியலும் எடுத்திருக்க வேண்டும். அப்பொழுது கோட்டை விட்டால் பின்னால் வருந்திப் பயனில்லை.

இரண்டாம் வாசல் தனியார் கல்லூரி. அங்கே போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துப் போங்கள் என்கிறேன். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியானது. ஆண்டு முழுதும் ஒரு காசு செலவழிக்காமல் வைத்தாலும் 20,400 வெள்ளிதான். பி.டி.பி.டி.என். கடன் தனியார் கட்டணம் முழுவதையும் பெரும்பாலும் ஈடுகட்டாது. மிச்சத்துக்குத் தகப்பனார் தமது சேமநிதியில் கை வைக்கிறார். பிள்ளைகளின் உயர்கல்விக்காக அதிலிருந்து எடுக்க விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அது வயதான காலத்துக் கஞ்சி. தோட்டம் விற்கப்பட்டால் லயத்து வீடும் போய்விடும் என்பதை நம்மவர்கள் பட்டறிந்தவர்கள்.

சரி, முடித்தால் வேலை உண்டா? உண்டு, தானாக வீடு தேடி வராது. அரசாங்க மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் அன்றாடச் சோதனைகளைப் பெரும்பாலும் செய்பவர் டிப்ளோமா படித்த ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களிலேயே அதற்குப் படிக்கலாம். பட்டதாரிக்கான அறிவியல் அதிகாரி இடங்கள் குறைவு, போட்டி அதிகம். தனியார் ஆய்வுக்கூடம், ஆராய்ச்சி, மருத்துவக் கருவித் தொழிற்சாலை ஆகியவையே பலருக்குப் பிழைப்பு. ஒரு காலத்தில் கரும்பும் பிறகு செம்பனையும் விளைந்த பத்து காவானில் இன்று மருத்துவக் கருவித் தொழிற்சாலை நிற்கிறது. அப்பன் மண்வெட்டி பிடித்த மண்ணில் மகள் நுண்ணோக்கி பிடிக்கலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் கழுத்து வரை கடனோடு அங்கே போய் நிற்க வேண்டுமா?

ஆகவே கையெழுத்துப் போடுமுன் கல்லூரிக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா, முழு அங்கீகாரமா அல்லது தற்காலிகமா? 2016-ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின் கீழ் எந்த வேலைக்காவது இந்தப் பட்டத்தை வைத்துப் பதிந்துகொள்ள முடியுமா? தங்கும் செலவு, ஆய்வுக்கூடக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை வெள்ளி? பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் எழுந்து வந்து விடுங்கள்.

பிள்ளையிடமும் ஒன்று கேளுங்கள்: "டாக்டராக முடியலேன்னு இதை எடுக்கிறியா, இல்லே இதையே விரும்பி எடுக்கிறியா?" விரும்பி எடுத்த பிள்ளை எந்த வாசல் வழியாகப் போனாலும் கரையேறி விடும். பெயரைக் கண்டு மயங்கி அனுப்பப்பட்ட பிள்ளை, முதல் ஆண்டு முடிவதற்குள் வீட்டுக்கு வந்து சொல்ல முடியாமல் தவிக்கும். அந்தத் தவிப்பு நம் வீட்டுக்கு வேண்டாம்.