பின்னால் ஒரு மணல் பை

சித்தூரிலோ திருப்பதியிலோ கல்லூரியில் படித்து, என்.சி.சி.யில் சேர்ந்தவர்களுக்கு அந்தக் காலை மறந்திருக்காது. தரையில் விரித்த தார்ப்பாய். முன்னால் ஒரு மணல் மூட்டை. அதன்மேல் .22 ரைபிள். 25 கஜம் தள்ளி இலக்குத் தாள். ஐந்து குண்டுகள் சுட்டதும் தாள் வரும். துளைகள் கொத்தாக விழுந்திருந்தால் ஹவில்தாருக்குச் சிரிப்பு. சிதறியிருந்தால் வசவு.

சிதறியது ஏன்? மாணவன் துப்பாக்கியைக் குறை சொல்வான். பயிற்சி தருபவர் டிரிகரை வெடுக்கென்று இழுத்த விரலைக் குறை சொல்வார். இரண்டு பேருமே சரியாக இருக்கலாம். ஆனால் இருவரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு: துப்பாக்கியின் பின்முனை. முன்பாதிக்கு மூட்டை இருக்கிறது. பின்பாதிக்கு இருப்பது தோள் மட்டுமே. தோள் மூச்சு விடும், நாடி துடிக்கும், நேரம் ஆக ஆகச் சோர்ந்துபோகும்.

கணக்கு எளிது. முன் தாங்கிக்கும் பின்முனைக்கும் இடையே 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின்முனை 1 மி.மீ. நகர்ந்தால் 25 கஜத்தில் குண்டு சுமார் 3 செ.மீ. விலகும். அதே 1 மி.மீ., 1000 கஜத்தில் 114 செ.மீ. ஆகிவிடும். தூரப் போட்டிகளில் 1000 கஜத்துக்கு வைக்கும் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10 அங்குலம், அதாவது 25 செ.மீ. அகலம்தான். அதற்குள் குண்டு விழவேண்டுமானால் பின்முனை பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அசையக்கூடாது. ஒரு நோட்டுத் தாளின் கனம் அவ்வளவுதான்!

இந்தக் கணக்கை மையமாக வைத்து ஒரு போட்டியே இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த மூத்த வீரர் ஜார்ஜ் ஃபார்குஹார்சனுக்கு வயதாகிவிட்டது. தோல் வாரை மேல்கையில் மாட்டி, படுத்துக்கொண்டு கனமான துப்பாக்கியைத் தாங்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. விட்டுவிட மனமும் இல்லை. முன்னால் ஒரு தாங்கி, பின்னால் ஒரு மணல் பை, மேலே டெலஸ்கோப் என்று அவர் காட்டிய வழி ‘எஃப் கிளாஸ்’ என்ற தனிப் பிரிவாகியது. அந்த ‘எஃப்’ அவர் பெயரின் முதல் எழுத்து. இன்று அதில் எந்தத் துப்பாக்கியும் 10 கிலோவைத் தாண்டக்கூடாது. இருகால் தாங்கி பொருத்திய பிரிவில் தாங்கியையும் சேர்த்து 8.25 கிலோ. முன் தாங்கியையும் பின் பையையும் ஒன்றோடொன்று இணைக்கக்கூடாது. இணைத்தால் அது இயந்திரம், சுடுபவருக்கு வேலை இல்லை.

பின் பை பார்வைக்குச் சாதாரணம். தோலிலோ தடித்த துணியிலோ தைத்த பை. மேலே முயல் காதுபோல இரண்டு புடைப்புகள். நடுவிலுள்ள பள்ளத்தில் கட்டையின் அடி உட்காரும். பாதி நிரம்பிய தலையணை போல இருந்தால் பயனில்லை. சலித்து, நன்றாகக் காயவைத்த மணலைக் கெட்டியாக நிரப்பவேண்டும். ஸ்வர்ணமுகி ஆற்று மணலே இரண்டு படி போதும். இன்னும் கனம் வேண்டுபவர்கள் சிர்கான் மணலைத் தேடுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் பிரித்தெடுக்கும் கனிமங்களில் அதுவும் ஒன்று. சாதாரண மணலைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தி. பை எவ்வளவு கனமோ அவ்வளவு அசையாது.

வைக்கும் முறையிலும் விஷயம் இருக்கிறது. பை, குழலுக்கு நேர்கோட்டில் இருக்கவேண்டும். தரை இளகலாக இருந்தால் முதலில் பையைக் குத்தி அமர்த்தவேண்டும். இல்லாவிட்டால் நாலைந்து குண்டுகளுக்குள் அதுவே அமுங்கி, குறி மேலே ஏறும். குறியைப் பெரிதாக மாற்ற முன் தாங்கி. மயிரிழை மாற்றத்துக்கு மட்டும் பையைக் கையால் மெல்லப் பிசையலாம். துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு நேராக வரவேண்டும். அதற்காகத்தான் சிலர் டால்கம் பவுடர் தூவுகிறார்கள். சோதனையும் சுலபம். குண்டு இல்லாத துப்பாக்கியைப் பையின் மேல் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தால், டெலஸ்கோப்பின் குறுக்குக் கோடு பக்கவாட்டில் ஓடக்கூடாது.

பை எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. 1000 கஜத்தில் காற்று குண்டை அடிக்கணக்கில் தள்ளும். அதைக் கொடியைப் பார்த்துக் கணிப்பது மனிதன் வேலை. ஆனால் கை நடுக்கம் கணக்கிலிருந்து போய்விட்டால், தவறு காற்றைப் படித்ததிலா, விரலிலா என்று தெரிந்துவிடும்.

என்.சி.சி. மைதானத்துக்குத் தேவையான பாடம் இதுதான். ஒலிம்பிக் பந்தயங்களில் தாங்கிக்கு இடமில்லை. 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவும், 2012-ல் லண்டனில் வெண்கலம் வென்ற, சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங்கும் நின்றுகொண்டு, எந்தத் தாங்கியும் இல்லாமல் சுட்டவர்கள். அந்த உயரத்துக்குப் போகும் பிள்ளை கடைசியில் மணல் மூட்டையை விட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் முதல் நாளே ஒரு சிதறிய தாளைப் பார்த்து, ‘இவளுக்குக் கண் சரியில்லை, இவனுக்குக் கை சரியில்லை’ என்று ஒதுக்குவது அநியாயம். பின்னால் ஒரு பையை வைத்து இன்னும் ஐந்து குண்டுகள் சுடச் சொன்னால் போதும். துளைகள் கொத்தாக விழுந்தால் கண்ணும் விரலும் நல்லவை, பழகவேண்டியது பிடிமானம்தான். அப்போதும் சிதறினால் பார்க்கவேண்டியது விரலை, பார்வையை, அல்லது துப்பாக்கியையே.

சிலருக்குத் தாங்கி கடைசிவரை வேண்டும். பாராலிம்பிக்கில், துப்பாக்கியின் எடையைக் கைகளால் தாங்க முடியாதவர்களுக்கு எஸ்.எச்.2 என்றொரு பிரிவு உண்டு. ஸ்பிரிங் பொருத்திய ஸ்டாண்ட் எடையைச் சுமக்கிறது. குறி பார்ப்பதும் விசையை இழுப்பதும் அவர்கள்தான். அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை.

காசு போட்டு வாங்குகிறவர்கள் குழலுக்கும் டெலஸ்கோப்புக்கும் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். திருப்பதித் தையல்காரர் ஒருவர் அரை மணி நேரத்தில் தைத்துக் கொடுக்கக்கூடிய பைதான், அந்த லட்சங்கள் வீணாகாமல் பார்த்துக்கொள்கிறது. அதைவிட முக்கியம், ஒரு பிள்ளை வீணாகாமலும் பார்த்துக்கொள்ளும்.