ஃபியட்டுக்கு மறுபடியும் ஏசி வேண்டுமா?

"சார், இந்த ஓட்டை எல்லாத்தையும் வெல்டு வெச்சு அடைச்சிடவா, இல்ல விட்டு வைக்கவா?"

போன மாதம் டிங்கரிங் பட்டறையில் மெக்கானிக் பாய் இப்படிக் கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. பட்டறையில் வண்டி அப்படியே நின்றது.

வண்டி 1983-ஆம் வருடத்து பிரீமியர் பத்மினி. 1974-லேயே பத்மினி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனாலும் எங்கள் தெருவில் அது கடைசிவரை 'ஃபியட்'தான். 1987-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பன்னிரண்டு வருடமாக ஷெட்டில் தூசி தின்றுகொண்டிருந்ததை, போன வருடம் இன்ஜினை இறக்கி, அடித்தகடு மாற்றி, சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து கதவு ரப்பரும் விளக்குக் கண்ணாடியும் வாங்கி, பெயிண்ட் அடிக்கும் கட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பாய் காட்டிய ஓட்டைகள், இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில் பழைய ஏசியின் ஹோஸ்கள் போன வழி. ஏசி வேண்டுமென்றால் அவை இருக்க வேண்டும். வேண்டாமென்றால் பெயிண்டுக்கு முன்னால் அடைக்க வேண்டும்.

அந்த ஏசி கம்பெனி போட்டுத் தந்தது அல்ல. 1992-ல் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, மாதம் ஒருமுறை கும்பகோணத்திலிருந்து திருச்சி டாக்டரிடம் அழைத்து வரவேண்டியிருந்தது. சித்திரை வெயிலில் அவரை எப்படி அழைத்து வருவது என்று பயந்து, பி.எஃப். லோன் போட்டு ஒரு கடையில் மாட்டிக்கொண்டேன். டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் கறுப்புப் பெட்டி. அந்தக் கால ஏசி பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குளிர்ச்சி வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். இன்ஜின் 1089 சி.சி., திறன் சுமார் 40 குதிரை. கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடினால் அதில் நாலைந்து குதிரையை அது தின்றுவிடும். போதாததற்கு, ஏசியின் கண்டென்ஸரை ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டுவார்கள். அது கக்கும் சூடு நேரே ரேடியேட்டருக்குள் போகும். ஃபேன் இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றுவது. வண்டி நின்றால் ஃபேனும் மெதுவாகிவிடும். காற்று அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் காற்று குறையும்.

தஞ்சாவூருக்கு முன்னால் ஒரு ரயில்வே கேட்டில் இது எனக்குப் புரிந்தது. சரக்கு ரயிலுக்காகக் காத்திருந்தபோது முள் மேலே ஏறி, பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. குற்றம் வண்டி மேல் இல்லை. அது சுமக்கவேண்டியதற்கு மேல் நான் சுமக்க வைத்தேன். யாருக்காக ஏசி போட்டேனோ அவரைப் புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தேன். "பஸ்ஸுல ஜன்னல் சீட்டுல வந்திருப்பேனேடா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் ஏறினால் ஏசி ஓடும்போதே முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டுக்கொள்வார். நான் ஒன்றும் சொல்வதில்லை.

அந்த முக்கோணக் கண்ணாடியைப் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது! கொஞ்சம் திருப்பினால் ஓடுகிற வண்டியின் காற்றை வெட்டி நேரே நெஞ்சுக்கு அனுப்பும். ஒரு காசு செலவு கிடையாது. ஏசி வந்த பிறகு அதைத் திறக்கவே மறந்துபோய், பித்தளைக் கீல் இறுகிவிட்டது. பாய் இப்போது எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டிச் சரிசெய்திருக்கிறார்.

ஏசி போன பிறகு (2003 வாக்கில் கேஸ் ஒழுகி நின்றது) அந்தப் பெட்டி சும்மாவே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வண்டியில் கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும், முன்னால் ஒரே நீளச் சீட். நடுவில் என் மகள் உட்காருவாள். பெட்டி வந்ததும் முழங்கால் இடிக்கிறது என்று பின்சீட்டுக்குப் போனவள்தான், திரும்ப முன்னால் வரவில்லை. இன்றைக்கு எந்தக் குழந்தையையும் பெல்ட் இல்லாமல் அங்கே உட்கார வைக்கமாட்டேன், அது வேறு விஷயம். ஆனாலும் பெட்டியைக் கழற்றிய அன்று அந்த இடம் காலியாகத் தெரிந்தபோது மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது.

பழையதை அப்படியே மாட்டவும் முடியாது. அன்று போட்ட கேஸ் ஆர்-12. ஓசோன் படலத்தை ஓட்டை போடுகிறது என்று 1987-ல் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. இந்தியா 1992-ல் சேர்ந்தது. படிப்படியாகக் குறைத்து அந்தக் கேஸை நிறுத்திவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்த 134-ஏ கேஸுக்கு எண்ணெயே வேறு. ஹோஸ், சீல், டிரையர் எல்லாம் மாற்ற வேண்டும், பழைய கண்டென்ஸரும் சரியாக வராது. புதிய சின்னக் கம்ப்ரஸர், நல்ல கண்டென்ஸர், எலெக்ட்ரிக் ஃபேன், அதற்குத் தாங்கும் ஆல்டர்நேட்டர் எல்லாம் போட்டால் கொதிக்காமல் ஓடும் என்கிறார் பாய். 60,000 ரூபாய் ஆகும். முன்பக்கத் தகட்டைக் கொஞ்சம் வெட்டவும் வேண்டும்.

பழைய கார்க்காரர்கள் சிலர், கம்பெனியிலிருந்து வந்தபோது என்ன இருந்ததோ அதுதான் இருக்கவேண்டும் என்பார்கள். அந்தக் கட்சியில் நான் இல்லை. உங்களிடம் இருப்பது ஒரே வண்டி, பகலில் அதில்தான் போகவேண்டும் என்றால், தாராளமாக ஏசி போடுங்கள். நம் வயதில் மே மாத வெயில் விளையாட்டில்லை. கம்பெனியே ஏசி வைத்து விற்ற வண்டியானாலும் திரும்பப் போடுங்கள், அதன் ரேடியேட்டரும் ஃபேனும் அதற்கென்றே செய்தவை. நாற்பது குதிரை வண்டியில் பிற்பாடு தொங்கவிட்டதைத்தான் திரும்ப மாட்டாதீர்கள் என்கிறேன்.

இதில் எனக்குச் சங்கடம் என் மனைவிதான். போன மே மாதம் கடைவீதிக்குப் போய்வந்தவளுக்குத் தலை சுற்றி, வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவள். "ஏசி இருந்தா நானும் வருவேன். இல்லேன்னா நீங்களும் உங்க பாயும் போய்ட்டு வாங்க" என்றாள். அவள் சொல்வதில் தப்பு என்ன? அவள் ஏறாத வண்டிக்கு இவ்வளவு செலவு யாருக்காக என்று எனக்கே தோன்றியது. மூன்று வாரம் இழுத்தது இதனால்தான்.

கடைசியில் உட்கார்ந்து பேசினோம். ஆஸ்பத்திரி, கல்யாணம், பகல் பயணம் எல்லாவற்றுக்கும் வீட்டில் இருக்கும் சின்ன மாருதி. அதில் ஏசி இருக்கிறது. ஃபியட் வெளியே வருவது காலை ஐந்தரை மணிக்கு, எட்டுக்குள் வீடு. பங்குனியிலிருந்து ஆவணி வரை அவளைக் கூப்பிடமாட்டேன். ஏசிக்கு ஆகும் பணத்தில் ஒரு பகுதியை ரேடியேட்டருக்கும், கூரைத் தகட்டுக்கு அடியில் சூடு தடுக்கும் ஷீட்டுக்கும் போடுகிறேன். இதை மட்டும் எல்லோருக்கும் சொல்வேன்: ஏசி வைத்தாலும் வைக்காவிட்டாலும், குஷன் கடைக்காரர் கூரை லைனிங் தைப்பதற்கு முன்னால் அந்த ஷீட்டை ஒட்டிவிடுங்கள். அப்புறம் ஒட்ட முடியாது.

அவள் முழுசாக ஒத்துக்கொண்டாள் என்று சொல்லமுடியாது. "மார்கழி வரட்டும், பாக்கலாம்" என்றாள். வருடத்தில் பாதி நாள் பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்கும். அதைத் தெரிந்துதான் இந்த முடிவு.

நேற்று பாய்க்குப் போன் செய்து அடைத்துவிடச் சொன்னேன். கறுப்புப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை. பரணில் ஏற்றி வைத்தேன். "வேணாம்னு முடிவு பண்ணினதுக்கு அங்க என்னங்க வேலை?" என்று கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அப்பா உட்கார்ந்து வந்த வண்டியில் இருந்தது என்றேன். ஏணியை நன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி தை பிறப்பதற்குள் தயாராகிவிடும் என்கிறார் பாய். முதலில் முக்கொம்புக்குப் போகலாம் என்றிருக்கிறேன். காவிரிக் கரையோரமாகவே போகும் கரூர் ரோடு, விடிகாலையில் அங்கே நல்ல காற்று.